ஒரு தோட்டாவில் எத்தனை சென்ட் செம்பு?

போன மாதம் லண்டன் உலோகச் சந்தையைப் பற்றி எழுதும்போது, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பக்கம் நான் வேலை பார்த்த ஆலையில் உருட்டிய பித்தளைத் தகட்டில் ஒரு நல்ல பங்கு தோட்டா செய்யத்தான் போகும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றியவை. அதனால் இந்த முறை தோட்டாவும் டாலரும் மட்டும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

சிவகாசி வாசகர்: பட்டாசுத் தொழிலில் இருக்கிறேன். டாலர் மதிப்பு குறைந்ததால்தான் அமெரிக்காவில் துப்பாக்கித் தோட்டா விலை ஏறுகிறது என்று ஒஹையோவில் இருக்கும் என் அக்காள் மகன் சொல்கிறான். விலை ஏறுவதற்கு ஒரு தோட்டாவுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

உங்கள் அக்காள் மகன் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்று பார்க்க, முதலில் தோட்டாவைப் பிரித்துப் போட வேண்டும்.

நான்கு பொருள்கள். வெளியே பித்தளைக் கூடு. உள்ளே வெடிமருந்து. முன்னால் செம்பு போர்த்திய ஈயக் குண்டு. அடியில் பொட்டு மாதிரி ஒரு சின்ன மூடி, அதற்கு பிரைமர் என்று பெயர். துப்பாக்கியின் ஊசி தட்டியதும் முதலில் தீப்பிடிப்பது அதுதான்.

தோட்டாப் பித்தளை என்பது நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது துத்தநாகம். கைத்துப்பாக்கிக்கு அதிகம் விற்கும் 9 எம்.எம். தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குண்டு பொதுவாக 115 கிரெயின் எடை, அதாவது ஏழரை கிராம். கூடு நான்கு கிராம் வரும். குண்டின் மேல் போர்வையையும் கூட்டையும் சேர்த்தால் செம்பு நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு, ஈயம் ஆறரை கிராம், துத்தநாகம் ஒரு கிராம் சொச்சம்.

இப்போது விலையைப் போடுவோம். செம்பு டன் 10,000 டாலர் என்றால் ஒரு கிராம் ஒரு சென்ட். (ஆலையில் மனக்கணக்குக்கு இதைத்தான் வைத்திருப்போம். 2025 கடைசியில் டன் 12,000-ஐத் தாண்டிவிட்டது.) அப்படியானால் செம்பு நான்கு சென்ட். ஈயம் டன் 2,000 டாலர் என்று வைத்தால் ஒன்றேகால் சென்ட். துத்தநாகம் அரை சென்ட்கூட வராது. ஆக ஒரு தோட்டாவில் உலோகம் ஐந்தரை சென்ட். 2024-ல் கடையில் அது 22 முதல் 25 சென்ட். மீதியெல்லாம் மருந்து, பிரைமர், கூலி, இயந்திரம், லாரி வாடகை, கடைக்காரர் லாபம், அப்புறம் வரி. தோட்டாவுக்கு 1937-லேயே ஒரு சட்டம் போட்டு, உற்பத்தியாளரிடம் 11 சதவீத வரி வாங்கி அதைக் காட்டு விலங்குப் பாதுகாப்புக்குக் கொடுக்கிறார்கள். கலிஃபோர்னியா 2024 ஜூலையிலிருந்து தன் பங்குக்கு இன்னொரு 11 சதவீதம் போட்டிருக்கிறது.

மருந்தும் பிரைமரும் உங்கள் தொழிலுக்குப் பக்கத்து வீடு. பிரைமரில் பேரியம் நைட்ரேட் உண்டு. அதைப் பற்றி சிவகாசிக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் பட்டாசில் அதைத் தடுத்த பிறகு உங்கள் ஊர் பட்ட பாட்டைப் படித்திருக்கிறேன். அதோடு ஆன்டிமனி சல்ஃபைடு. நம் நாட்டு மருந்துக் கடையில் அஞ்சனக்கல் என்று கொடுப்பார்களே, அதுதான். ஈயக் குண்டு இறுகுவதற்கும் ஆன்டிமனி கொஞ்சம் சேர்ப்பார்கள். உலகத்துக்கு ஆன்டிமனி கொடுப்பதில் பெரிய கை சீனாவுடையது. அவர்கள் 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், டிசம்பரில் அமெரிக்காவுக்கு அடியோடு நிறுத்தினார்கள். விலை சில மடங்கு ஏறியது.

மருந்தின் மூலப்பொருள் பஞ்சு என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஜின்னிங் முடிந்த பருத்தி விதையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டைப் பஞ்சை லின்டர் என்பார்கள். என் பெரியப்பா உடுமலைப் பக்கம் ஜின்னிங் ஃபேக்டரியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். லின்டர் மூட்டைகள் மேல் ஏறி விளையாடியிருக்கிறேன். அதை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துத்தான் நைட்ரோசெல்லுலோஸ் என்கிற இந்த மருந்தைச் செய்கிறார்கள். பீரங்கிக்கும் அதே மருந்து, மான் வேட்டைக்கும் அதே மருந்து. உக்ரைன் போர் தொடங்கி பீரங்கிக் குண்டுக்கு ஆள் ஆளாக ஆர்டர் கொடுத்ததும் வேட்டைக்காரர் வரிசையில் பின்னால் போய்விட்டார். 2024 தொடக்கத்தில் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் விலையேற்றம் அறிவித்தபோது சொன்ன காரணம் இந்த மருந்துத் தட்டுப்பாடுதான்.

திருப்பூர் வாசகி: பனியன் ஏற்றுமதி செய்கிறோம். செய்தித்தாளில் டாலர் பலவீனம் என்கிறார்கள். எங்கள் வங்கியிலோ டாலர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. இதில் எது உண்மை?

இரண்டும் உண்மை. குழப்பம் 'மதிப்பு' என்கிற சொல்லில் இருக்கிறது.

டாலர் மதிப்பு என்று செய்தியில் வருவது பெரும்பாலும் டாலர் குறியீட்டெண். 1973-ல் 100 என்று வைத்துத் தொடங்கியது. ஆறு நாணயங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்: யூரோ, யென், பவுண்டு, கனடா டாலர், ஸ்வீடன் குரோனா, சுவிஸ் ஃபிராங்க். அதில் யூரோவின் எடை மட்டும் பாதிக்கு மேல். ரூபாய் அதில் கிடையாது. 2025-ன் முதல் ஆறு மாதத்தில் அந்தக் குறியீட்டெண் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 1973-க்குப் பிறகு எந்த ஆண்டின் முதல் பாதியிலும் இப்படி விழவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ரூபாய் 90-ஐத் தாண்டியது. டாலர் யூரோவிடம் தோற்றது, நாம் டாலரிடம் தோற்றோம். உங்களிடம் யூரோ பில் இருந்தால் இது தெரிந்திருக்கும்: வருடத் தொடக்கத்தில் 90-க்குக் கீழே இருந்த யூரோ, முடிவில் 100-ஐத் தாண்டி நின்றது. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்குப் போட்ட 50 சதவீத வரி உங்கள் ஊரை என்ன செய்தது என்பது எனக்குத் தெரியும். ஐரோப்பிய வாடிக்கையாளர் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் தாக்குப்பிடித்ததற்கு இந்த யூரோவும் ஒரு காரணம்.

இன்னொரு மதிப்பு உண்டு. ஒரு டாலரைக் கொடுத்தால் அமெரிக்கக் கடையில் என்ன கிடைக்கும் என்பது. அதுதான் விலைவாசி. 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தினார். அப்போது ஒரு டாலருக்குக் கிடைத்ததை 2024-ல் வாங்க ஏழரை டாலருக்கு மேல் வேண்டும். குறியீட்டெண் ஏறும், இறங்கும். இந்த மதிப்பு மெதுவாகத் தேய்ந்துகொண்டே இருக்கும். தோட்டா விலையைப் பற்றிப் பேசுபவர்கள் ஒன்றைச் சொல்லிக்கொண்டே மற்றதற்குத் தாவிவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தவறுகிறது.

வெளிநாட்டு நாணயத்தோடு உள்ள மதிப்பு தோட்டாவை நேராகத் தொடும் இடம் இறக்குமதி. செக் நாட்டின் வ்லாஷிம், இத்தாலியின் லெக்கோ, செர்பியாவின் உழித்சே, இந்த ஊர்களிலிருந்தெல்லாம் தோட்டா அமெரிக்காவுக்கு வருகிறது. 2000 அக்டோபரில் ஒரு யூரோ 82 சென்ட். 2008 ஜூலையில் 1 டாலர் 60 சென்ட். ஐரோப்பாவில் விலையே ஏறாமல் 100 யூரோவுக்கு நின்ற சரக்கு, அமெரிக்காவில் 82 டாலரிலிருந்து 160 டாலர் ஆகிறது. இதற்கு டாலரைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டாவது இடம் உலோகம். லண்டனில் பகல் ஒரு மணி வாக்கில் அன்றைய விலை முடிவாகும். எங்களுக்கு அப்போது காலை ஏழு மணி. கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருடம் என் நாள் அந்த விலையைப் பார்த்துத்தான் தொடங்கியது. 2003-ல் செம்பு டன் 1,800 டாலர் வாக்கில் இருந்தது, 2006 மே மாதம் 8,000-ஐத் தாண்டியது. ஈயம் 500-லிருந்து 2007 அக்டோபரில் 4,000-ஐத் தொட்டுவிடும் போல நின்றது. ஒரு நாள் காலை விலையைப் பார்த்துவிட்டு, திரை தவறாகக் காட்டுகிறது என்று நினைத்துத் தரகருக்கே போன் போட்டேன். டாலர் விழுந்த காலம் அது, உண்மைதான். ஆனால் யூரோவில் எண்ணிப் பார்த்தால்கூட 2003-க்கும் 2008 கோடைக்கும் இடையில் செம்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. டாலர் ஒரு பங்கு. பெரிய பங்கு சீனாவின் மின்கம்பிக்கும் கட்டடத்துக்கும் போன செம்பு.

ஈரோடு மாணவர்: அமெரிக்காவின் கடைசி ஈய உருக்காலையை 2013-ல் மூடியதால்தான் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். சரியா?

தவறு. அந்த ஆலை இருந்த ஊர் ஹெர்குலேனியம். நான் குடியிருந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம், மிசிசிப்பி ஆற்றங்கரை. 1809-லேயே அங்கே ஆற்றோரச் செங்குத்துப் பாறை மேல் கோபுரம் கட்டி, உருக்கிய ஈயத்தை மேலிருந்து ஊற்றி, விழும் வேகத்தில் அது உருண்டையாகத் திரள வைத்துக் குண்டு செய்தார்கள். உருக்காலை 1892-ல் வந்தது. 2013 டிசம்பரில் மூடினார்கள். தாதுவிலிருந்து ஈயம் எடுக்கும் ஆலைகளில் அமெரிக்காவில் அதுதான் கடைசி.

ஆனால் தோட்டாத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வாங்குவது பழைய கார் பேட்டரியை உருக்கி எடுத்த ஈயம். அதற்கு அமெரிக்காவில் தட்டுப்பாடு வரவில்லை. தேதியையும் பாருங்கள்: கடைகளில் தோட்டா அலமாரி காலியானது 2013 தொடக்கத்தில். ஆலை மூடியது அந்த வருடக் கடைசியில்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ஊருக்கு நான் போயிருக்கிறேன். தெருவோரம் பறந்து படிந்த ஈயத் தூளில் விளையாடாதீர்கள் என்று குழந்தைகளை எச்சரித்து அறிவிப்புப் பலகை நட்டிருந்தார்கள். ஆலையைச் சுற்றியிருந்த சின்னப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகம் என்று பரிசோதனையில் தெரிந்து, பக்கத்து வீடுகளை விலைக்கு வாங்கிக் காலி செய்தார்கள். நான் ஈயம் வாங்கிய ஆள் இல்லை, செம்பும் துத்தநாகமும்தான். இருந்தாலும் அந்தத் தெருவில் நின்றபோது என் மகளுக்கு நாலு வயது. அந்த ஆலையை மூடியது சதி என்று சொல்லும் காணொளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

டாலஸ் வாசகர்: மென்பொருள் வேலை. அலுவலக நண்பர்களோடு துப்பாக்கி சுடும் தளத்துக்குப் போய்ப் பழகிவிட்டேன். டாலர் காகிதமாகிவிடும், தோட்டா தங்கம் மாதிரி, ஐயாயிரம் வாங்கி வீட்டில் வை என்கிறார்கள். வாங்கலாமா?

தம்பி, முதலில் விசா. நீங்கள் எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், அமெரிக்க மத்திய சட்டப்படி துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவை வைத்திருப்பதே குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. பச்சை அட்டை, அதாவது அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி, இருந்தால் இந்தத் தடை கிடையாது. நண்பர்கள் அந்த நாட்டிலேயே பிறந்தவர்களாக இருந்தால் அவர்களுக்கு இது தோன்றாது. ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் ஒரு பெட்டிகூட வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சரி, விலைக்கு வருவோம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நவம்பர் நடுவில் எங்கள் மிசூரி மாநிலத்தில் மான் வேட்டை தொடங்கும். அவருக்கு அது தீபாவளி. சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து காபி டப்பாக்களில் போட்டுவைத்து, கார் ஷெட்டில் உட்கார்ந்து தானே மறுபடி மருந்து நிரப்புவார். அடியில் எல்.சி. என்று முத்திரை போட்ட ராணுவக் கூடு கிடைத்தால் தனி டப்பா. லேக் சிட்டி என்கிற அந்த ராணுவத் தோட்டா ஆலை மிசூரியின் மறுகோடியில், இண்டிபெண்டன்ஸ் ஊரில் 1941-ல் கட்டியது. அவர் வாங்கிய ஒவ்வொரு பெட்டியின் விலையையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பார். நான் உலோக விலை பார்க்கிறவள் என்பதால் அந்த நோட்டை என்னிடம் காட்டுவதில் அவருக்கு அவ்வளவு ஆசை. அதில் 9 எம்.எம். தோட்டா, 50 கொண்ட பெட்டியின் விலைகளை நான் எழுதி எடுத்துவந்தேன்.

2008 மார்ச்: 9 டாலர். 2009 வசந்தம்: 15. 2019: மறுபடி 9 டாலர் சொச்சம். 2021 ஜனவரி: 40 டாலர் என்று எழுதி, 'வாங்கவில்லை' என்று அடிக்கோடு. 2024: 12 டாலர்.

இதை உலோகத்தோடும் டாலரோடும் வைத்துப் பாருங்கள். 2008 ஜூலைக்கும் டிசம்பருக்கும் நடுவில் உலகச் சந்தை நொறுங்கியது. செம்பு 8,900-லிருந்து 3,000-க்குக் கீழே போனது. எல்லோரும் டாலரைத் தேடி ஓடியதால் டாலர் ஏறியது. உலோகம் மூன்றில் ஒரு பங்கு, டாலர் பலம். அப்படியானால் தோட்டா இறங்கியிருக்க வேண்டும். ஏறியது. நவம்பரில் ஒபாமா ஜெயித்தார், துப்பாக்கிச் சட்டம் வரப்போகிறது என்று ஜனங்கள் பெட்டி பெட்டியாக அள்ளினார்கள். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகளைச் சுட்டுக் கொன்ற அந்தக் கொடுமை நடந்த பிறகும் இதே அள்ளல். பாயின்ட் 22 என்கிற மிகச் சின்ன, மிக மலிவான தோட்டாகூட மாதக்கணக்கில் கிடைக்கவில்லை. பெரியவரின் நோட்டில் 2004-ல் 550 தோட்டா 9 டாலர் சொச்சம் என்று இருக்கும் அந்தச் சரக்கு, 2013 பிப்ரவரியில் 'இல்லை, இல்லை, இல்லை' என்று மூன்று கடைக்கு மூன்று முறை எழுதியிருக்கிறது. 2020-ல் நோய்த்தொற்று, கலவரம், தேர்தல் மூன்றும் சேர்ந்து வந்தன, 9 எம்.எம். ஒன்று 80 சென்ட் வரை போனது. அன்றைய செம்பு, ஈய விலைக்கு அதில் உலோகம் நான்கு சென்ட் சொச்சம்தான். 2022 செப்டம்பரில் டாலர் குறியீட்டெண் 114, இருபது வருட உச்சம். அப்போதும் தோட்டா பழைய விலைக்கு இறங்கவில்லை.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் போதும் இப்படித்தான். ராணுவத்துக்கு வேண்டிய சிறு தோட்டா 2000-க்கும் 2005-க்கும் இடையில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. லேக் சிட்டி முழு மூச்சாக ஓடியும் போதாமல் 2004-ல் இஸ்ரேலிலிருந்தும் வாங்கினார்கள். தோட்டா ஆலையை அவசரத்துக்குப் பெரிதாக்க முடியாது. ஒரு புது பிரைமர் பிரிவு கட்டி, அனுமதி வாங்கி, ஆள் பழக்குவதற்குள் பயம் தணிந்து விலை இறங்கிவிடும் என்று முதலாளிகளுக்குத் தெரியும். அதனால் கட்டத் தயங்குவார்கள். அடுத்த பயத்தில் மறுபடி அலமாரி காலியாகும்.

அந்த நோட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது முதல் வரியும் கடைசி வரியும். 2008-ல் 9 டாலர், 2024-ல் 12. அந்தப் பதினாறு வருடத்தில் அமெரிக்க விலைவாசி ஏறியது 46 சதவீதம். 9 டாலர் அதே வேகத்தில் ஏறியிருந்தால் 13 ஆகியிருக்க வேண்டும். நடுவில் 15 கொடுத்தவரும் 40 கொடுத்தவரும் டாலரின் தேய்மானத்துக்குப் பயந்து, டாலரைவிட வேகமாகத் தேய்ந்த ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். 2021-ல் 40 டாலர் வீதம் ஐயாயிரம் தோட்டா வாங்கியிருந்தால் 4,000 டாலர். 2024 விலைக்கு அதன் மதிப்பு 1,200. பயம் உச்சத்தில் இருக்கும்போது வாங்கச் சொல்லும் நண்பர், அவருக்கே தெரியாமல் உங்களுக்குத் தீங்கு செய்கிறார்.

உலோகப் பயம் வேறு விஷயம், அதிலும் அவசரம் வேண்டாம். 2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து செம்புத் தகடு, கம்பி, குழாய்க்கு அமெரிக்கா 50 சதவீத இறக்குமதி வரி போட்டது. சுத்திகரித்த செம்புக்கும் வரும் என்று எல்லோரும் வாங்கிக் குவித்திருந்தார்கள். அதற்கு விலக்கு என்று அறிவித்ததும் நியூயார்க் விலை ஒரே நாளில் இருபது சதவீதத்துக்கு மேல் விழுந்தது. எங்கள் மாதிரி அதிலேயே ஊறினவர்களுக்கே அந்த நாளை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

பெரியவர் மான் வேட்டைக்கு வருடத்துக்குச் செலவழிப்பது மூன்று நான்கு தோட்டா. துப்பாக்கியைச் சரிபார்க்க இன்னும் ஐந்தாறு. இருபது கொண்ட ஒரு பெட்டி அவருக்கு இரண்டு சீசன் வரும். நீங்கள் மாதம் ஒரு முறை தளத்துக்குப் போகிறவர் என்றால், சட்டம் அனுமதித்தால், அன்றைக்கு வேண்டியதை அங்கேயே வாங்கிச் சுட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

மதுரை வாசகர்: டாலரை நம்பாமல் தங்கத்தை வைத்து அளந்தால் தோட்டா விலை ஏறியிருக்கிறதா?

இறங்கியிருக்கிறது. 2008 மார்ச்சில் ஒரு அவுன்ஸ் தங்கம் முதன்முறையாக 1,000 டாலரைத் தொட்டது. பெரியவர் கொடுத்த 9 டாலர் கணக்கில் அதற்கு 111 பெட்டி, ஐயாயிரத்து ஐந்நூறு தோட்டா. 2025 அக்டோபரில் தங்கம் 4,000-ஐத் தாண்டியது. 12 டாலர் வீதம் 333 பெட்டி, பதினாறாயிரத்து அறுநூறு தோட்டா. ஒரு அவுன்ஸ் என்பது நம் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. நீங்கள் அதை மதுரையில் வாங்கும்போது டாலர் விலை ஏற்றத்தோடு ரூபாயின் சரிவும் சேர்ந்துதான் பில்லில் வரும். 2008 தொடக்கத்தில் ஒரு டாலர் 40 ரூபாய்க்கும் கீழே இருந்தது.